ஸஹ்ராவைக் கீறிய கதை

கடந்த வருடம் எமது கல்லூரியில் நடந்த சித்திரக் கண்காட்சிக்கு வந்தவர்களில் சிலருக்கு அந்தப் படம் நினைவிருக்கலாம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம், இரண்டாவது பலகையில், முக்காடு அணிந்த ஒரு சிறுமியின் முகம். கீழே ‘ஸஹ்ரா - சுவர்க்கத்தின் குழந்தைகள்’ என்று எழுதி, என் பெயரும் வகுப்பும் போட்டிருந்தார்கள். நிறையப் பேர் நின்று பார்த்தார்கள். போனில் படம் பிடித்தார்கள். “அச்சொட்டா அப்படியே இரிக்கி” என்று பத்தாம் தரப் பிள்ளைகள் பேசிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அச்சொட்டாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

திரைப்படத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த படம் அது. ஒஸ்கார் விருதின் பிறமொழிப் படப் பிரிவுக்குத் தெரிவான முதலாவது ஈரானியப் படமும் அதுதான். நாங்கள் ஒன்பதாம் தரத்தில் இருந்தபோது, மழையால் விளையாட்டுப் பாடம் நடக்காத ஒரு நாளில் மல்டிமீடியா அறையில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தெஹ்ரானில் ஓர் ஏழைக் குடும்பம். தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைத்து எடுத்துக்கொண்டு வரும் வழியில் அலி அதை மரக்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் சொல்ல இரண்டு பேருக்கும் பயம். அடி விழும் என்பது மட்டும் பயமில்லை. புதிது வாங்கித்தர வாப்பாவிடம் காசில்லை என்பது அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும். எனவே அலியின் ஒரே சோடிச் சப்பாத்தை இருவரும் மாறி மாறிப் போடுகிறார்கள். காலையில் பள்ளிக்கு அவள், அவள் ஓடி வந்து கழற்றிக் கொடுத்ததும் அவன். பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே வீட்டுப்பாடக் கொப்பியில் எழுதி எழுதிச் சத்தமில்லாமல் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையில் அலி ஒரு பென்சிலைக் கொடுத்துத்தான் தங்கையைச் சமாதானம் செய்வான். மூன்றாம் பரிசு சப்பாத்து என்பதற்காக மூன்றாவதாக வர நினைத்து ஓடி, தவறி முதலாவதாக வந்துவிட்டு அவன் அழும்போது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்கள். நான் அலியைவிட ஸஹ்ராவைத்தான் மறக்கவில்லை.

உயர்தரத்துக்கு வந்து சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தபோது, கண்காட்சிக்காக ‘திரைப்படப் பாத்திரம் ஒன்றின் உருவப்படம்’ என்ற தலைப்பை எங்களுக்குத் தந்தார்கள். பென்சில், நீர்வர்ணம், கணினி, எதையும் பாவிக்கலாம். கலந்தும் செய்யலாம் என்றார்கள். நான் கையை உயர்த்தி ஸஹ்ரா என்றேன்.

அப்போதுதான் கட்டாரில் வேலை செய்யும் காக்கா எனக்கு ஒரு கீறும் பலகை அனுப்பியிருந்தார். அதற்குத் திரை இல்லை. கறுப்பு நிறத் தட்டு ஒன்றும் ஒரு பேனாவும்தான். பேனா தட்டில் ஓடும், கோடு மடிக்கணினியில் விழும். கை ஓர் இடத்திலும் கண் வேறோர் இடத்திலும் இருக்கப் பழக எனக்கு ஒரு மாதம் சென்றது. ‘கிரீட்டா’ என்ற செயலியை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கினேன். காசில்லாமல் கிடைக்கும் செயலிதான், ஆனால் அதில் இல்லாத தூரிகை இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். படத்தை ஓடவிட்டு, ஸஹ்ரா கமராவைப் பார்க்கும் ஓரிடத்தில் நிறுத்தி, அதைத் திரைப்படியாக எடுத்தேன். செயலியில் அதை அடியில் வைத்து, மங்கலாக்கி, மேலே ஒரு வெற்று அடுக்கைப் போட்டு, தெரிந்த கோடுகள் மீது அப்படியே கீறினேன். நிறத்துக்கும் யோசிக்கவில்லை. சொட்டுக்குழாய் போல ஒரு கருவி இருக்கிறது. படத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த இடத்து நிறத்தை உறிஞ்சித் தரும். கன்னத்தில் தொட்டேன், கன்னத்தில் பூசினேன். முக்காட்டில் தொட்டேன், முக்காட்டில் பூசினேன். இரண்டு இரவுகளில் வேலை முடிந்தது. கடைத்தெருவில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் மினுக்குக் கடதாசியில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் வாப்பா ஒரு காலத்தில் பலகை எழுதுபவர். ஊரில் ‘ஆர்ட்ஸ்’ என்று அவர் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். பதினேழு வயதில் கொழும்புக்குப் போய் மருதானையில் ஒருவரிடம் வேலை பழகினார். அந்த நாட்களில் சினிமாக் கொட்டகைகளின் வாசலில் வைக்கும் பெரிய படங்களைக் கையால்தான் கீறுவார்கள். வாப்பா முதல் ஒரு வருடம் தூரிகை கழுவினாராம். பிறகு கட்டம் போட விட்டார்களாம். பிறகு உடுப்பு, கை, கால். முகம் கீறுவது உஸ்தாத் மட்டும். ஊருக்குத் திரும்பிய பின் வாப்பா முகம் கீறவே இல்லை. கடைப் பெயர்கள், வள்ளங்களின் பெயர்கள், ஆட்டோக்களின் பின்புற எழுத்துகள், பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகள், இவைதான்.

முகம் கீறுவது பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. மூத்தம்மாவுக்கு அது பிடிக்காது. தொழுகிற அறையில் எந்தப் படமும் இருக்கக்கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றுதான். அதற்கு வெளியே எது வரைக்கும் சரி என்பதில்தான் பேச்சு. சித்திரம் ஒரு பாடம், படிக்கிற பிள்ளை கீறட்டும் என்பது உம்மா. வாப்பா இந்தப் பேச்சில் வாயே திறப்பதில்லை. என் படங்கள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே ஒரு கோவைக்குள் இருக்கும்.

வாப்பாவின் தொழிலை எடுத்துக்கொண்டது கணினிதான். இதை அவர் சொல்லி நான் அறியவில்லை, உம்மா சொன்னது. பெரிய பிளாஸ்டிக் துணியில் அச்சடிக்கும் இயந்திரங்கள் பக்கத்து ஊருக்கு வந்தன. வாப்பா ஒரு பலகைக்கு மூன்று நாள் எடுப்பார்: அடிப்பூச்சு ஒரு நாள் காய வேண்டும், எழுத்து ஒரு நாள், ஓரமும் நிழலும் ஒரு நாள். இயந்திரத்துக்கு அரை மணித்தியாலம் போதும். விலையும் குறைவு. வெயிலில் ஒரு வருடத்தில் வெளிறிப்போகும் என்று வாப்பா சொல்லிப் பார்த்தாராம். வெளிறினால் இன்னொன்று அடிக்கலாம் என்றார்களாம். இப்போது அவர் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் பகுதியில் நிற்கிறார். ‘இந்த நிறம் சுவரில் காய்ந்தால் ஒரு பிடி கருக்கும்’ என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதால் முதலாளிக்கு அவரைப் பிடிக்கும்.

இப்படிப்பட்ட வாப்பாதான் கண்காட்சிக்கு வந்தார். வேலைக்கு அரை நாள் லீவு போட்டு, வெள்ளிக்கிழமைக்கு உடுக்கும் சேர்ட்டைப் போட்டு வந்திருந்தார். என் படத்துக்கு முன்னால் நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தார், எட்ட வந்து பார்த்தார். பலகை எழுதுபவர்கள் இப்படித்தான் நாலைந்து தரம் முன்னும் பின்னும் நடப்பார்கள். பிறகு என்னிடம் கேட்டார்.

“இது ஒன்ட கையால கீறினதா, மகள்?”

“ஓம் வாப்பா.”

“ம்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் படங்களைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ‘ம்’ எனக்கு அன்றிரவு நித்திரை வரவிடவில்லை. என் கையால்தானே கீறினேன், பேனா என் கையில்தானே இருந்தது என்று எனக்கு நானே பல தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு திரைப்படத்தில் வந்த அந்த இரண்டு பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் வாப்பாவிடம் மறைத்தது வாப்பாவுக்காக. நான் மறைத்தது எனக்காக.

இரண்டு நாள் கழித்து சித்திர டீச்சர் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. “படம் நல்லா இரிக்கி. ஆனா இது அந்தப் படத்தில நடிச்ச பிள்ளை. ஸஹ்ரா எங்க?” எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்டார்: “ஸஹ்ரா படம் முழுக்க எங்க பார்த்துக்கொண்டு இருக்கா?”

வீட்டுக்கு வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தேன். டீச்சர் கேட்டது சரி. அவள் கீழேதான் பார்க்கிறாள். பள்ளிக்கூட வரிசையில் நிற்கும்போது மற்றப் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கிறாள். தன் சப்பாத்து யாருடைய காலிலாவது இருக்கிறதா என்று தேடுகிறாள். பெரிதாக இருக்கும் அண்ணனின் சப்பாத்து தன் காலில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறாள். ஓடும்போது ஒரு சப்பாத்து கழன்று வீதியோரக் கானில் விழுந்து நீரோடு போகும்போதும் அவள் கண் கீழேதான். நான் தேடிப் பிடித்து, கமராவை நேரே பார்க்கும் ஒரு கணத்தை எடுத்திருந்தேன். அந்தக் கணத்தில் முகம் இருந்தது, கதை இல்லை.

நடிகையின் முகத்துக்கும் பாத்திரத்தின் முகத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ட்ரூ ஸ்ட்ரூசன் என்ற ஓவியர் ‘ஸ்டார் வோர்ஸ்’, ‘இந்தியானா ஜோன்ஸ்’, ‘பேக் டு த ஃபியூச்சர்’ போன்ற படங்களுக்குச் சுவரொட்டிகள் கீறியிருக்கிறார். புகைப்படங்களைப் பார்த்துத்தான் அவரும் கீறினார். ஆனால் அவருடைய ஒரு படத்தைப் பார்த்தால் எந்தப் புகைப்படம் என்று கேட்கத் தோன்றாது. வெள்ளை அடிப்பூச்சுப் பூசிய பலகையில் பென்சிலால் கீறி, காற்றுத் தூரிகையால் அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிய படலமாக விசிறி, கடைசியில் நிறப் பென்சிலால் முகத்தின் வெளிச்சங்களை எடுப்பாராம். ஓர் இயந்திரக் கருவியும் ஒரு பென்சிலும் அவர் பலகையில் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன. இதை வாசித்த அன்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

2017இல் வந்த ‘லவிங் வின்சென்ட்’ என்ற படத்தையும் டீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். முதலில் நடிகர்களை வைத்துப் படம் பிடித்து, பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் எண்ணெய் வர்ணத்தில் கீறியிருக்கிறார்கள். ஏறக்குறைய 65,000 சட்டகங்கள். அவர்களும் படம் பிடித்த காட்சிகளை வைத்துத்தான் கீறினார்கள். ஆகவே மேலே வைத்துக் கீறுவது மட்டுமே குற்றம் என்று சொல்ல முடியாது. என் குற்றம், கீறும்போது நான் ஒன்றையும் தீர்மானிக்காதது.

அன்றிரவு வாப்பா சாப்பிட்டு எழும்பும் வரைக்கும் காத்திருந்தேன். “வாப்பா, எனக்குக் கட்டம் போடச் சொல்லித் தாங்க” என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். திரைப்படியை அடியில் வைத்தது, சொட்டுக்குழாய், இரண்டு இரவு, எல்லாவற்றையும்.

“தெரியும்” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கீறினவன் எங்க நின்டு யோசிச்சான் என்டு படத்தில தெரியும். கோடு அந்த இடத்தில தடிக்கும், இல்லாட்டி நடுங்கும். ஒன்ட படத்தில ஒரு இடத்திலயும் நீ நிக்கல்ல.”

பிறகு அறைக்குள் போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் வெட்டித் தேய்ந்த தூரிகைகள், ஒரு நூற்கண்டு, கட்டியாகிப்போன நீலச் சுண்ணத்தூள். அதோடு ஒன்றரை முழ நீளக் கோல் ஒன்று. அதன் ஒரு நுனியில் துணியை உருண்டையாகச் சுற்றிக் கட்டியிருந்தது. பலகையில் ஈரமான பெயின்ட்டில் கை படாமல், அந்த உருண்டையை ஓர் ஓரத்தில் ஊன்றி, கோலின் மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவதற்கு. நான் சின்னப் பிள்ளையில் அதை வைத்துக் கோழி விரட்டியிருக்கிறேன்.

கட்டம் போடுவது கணக்குத்தான். சின்னப் படத்தில் ஓர் அங்குலச் சதுரம், பலகையில் ஓர் அடிச் சதுரம். பன்னிரண்டு மடங்கு பெரிதாகும். நூலில் சுண்ணத்தூளைத் தேய்த்து, இரு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் பலகையில் நேர்கோடு விழும். ஒவ்வொரு சதுரமாகத்தான் பார்க்க வேண்டும். மூக்கு என்று நினைக்கக் கூடாது; இந்தச் சதுரத்தின் இடது ஓரத்தில் பாதி உயரத்தில் ஒரு வளைவு தொடங்குகிறது, அவ்வளவுதான். “இதுவும் பார்த்துக் கீறுறதுதானே வாப்பா, நான் செய்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “இதுல பிழைக்க ஏலும்” என்றார்.

இந்த முறை திரைப்படியைப் பக்கத்தில் வைக்கவில்லை. காட்சிகளைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டேன். மூன்றாம் தரத்தில் படிக்கும் தங்கச்சிக்கு முக்காட்டைக் கட்டி, வாசல் வெளிச்சம் ஒரு பக்கம் விழும்படி நிற்க வைத்து, கீழே பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டாள். ஒரு கீறலுக்கு ஒரு டொஃபி என்று பேசி முடித்தோம். பதினொரு டொஃபி போனது. பதினோராவது கீறலில்தான் ஒன்றைக் கண்டேன்: கீழே பார்க்கும்போது கண் தெரியாது, இமைதான் தெரியும். சோகத்தைக் காட்ட எனக்கு விழி இல்லை. இமையின் சாய்வும், பல்லால் கடித்த கீழுதடும், முக்காட்டுக்குள் கொஞ்சம் தூக்கிக்கொண்ட தோளும்தான் கையிருப்பு. முகம் ஸஹ்ராவினுடையது, நின்ற விதம் தங்கச்சியினுடையது. இதைத் தங்கச்சியிடம் சொன்னபோது அவள் இன்னும் இரண்டு டொஃபி கேட்டாள்.

பென்சிலில் எச்பியால் உருவம், 2பி, 4பியால் நிழல், முக்காட்டின் மடிப்புக்குள் 6பி. காட்றிஜ் கடதாசியில் மூன்று நாள் வேலை. அதைப் பாடசாலையில் ஸ்கேன் செய்தபோது முதல் அடி விழுந்தது. கன்னத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட மெல்லிய சாம்பல் நிழல்கள் எல்லாம் மறைந்து வெள்ளையாகிவிட்டன. ஆக அழுத்திய இடங்களில் காரீயம் மினுங்கி, கறுப்பு வெளிறித் தெரிந்தது. வெளிச்சத்தையும் கறுப்பையும் சரிபார்த்து, 300 புள்ளி அடர்த்தியில் மீண்டும் மீண்டும் எடுத்து, நாலாவது தரம்தான் கன்னம் திரும்பி வந்தது. அந்த அடர்த்தியில் ஒரு ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளிகளாக விரியும். பெரிதாக்கிப் பார்த்தால் கடதாசியின் சொரசொரப்புக்கூடத் தெரியும்.

பென்சில் கோட்டின் மேல் கணினி நிறம் பூசினால் கோடு மறைந்துபோகும். அதற்கு ஒரு வழி உண்டு. பென்சில் அடுக்கை மேலே வைத்து, அதன் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்ற வேண்டும். பெருக்கல்தான். வெள்ளைக்குப் பெறுமானம் ஒன்று, கறுப்புக்குப் பூச்சியம். ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அதுவே வரும். ஆகவே கடதாசியின் வெள்ளை காணாமல் போய், அடியில் உள்ள நிறம் அப்படியே தெரியும். பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். கறுத்த கோடு கறுப்பாகவே நிற்கும். நடுவில் உள்ள சாம்பல், நிறத்தைக் கொஞ்சம் கருக்கும். கணிதப் பாடத்தில் எனக்கு எப்போதும் சீ தான். இந்தப் பெருக்கல் மட்டும் உடனே விளங்கிவிட்டது.

நிறத்துக்கு இந்தத் தரம் சொட்டுக்குழாயைத் தொடவில்லை. நீர்வர்ணத்தைத் தனித் தாள்களில் ஓடவிட்டு, காய்ந்து விளிம்பு கட்டிய அந்தக் கறைகளை ஸ்கேன் செய்து, முக்காட்டுக்கும் பின்னணிச் சுவருக்கும் அடியில் போட்டேன். தண்ணீர் தானாக ஓடி நின்ற இடங்களைப் பேனாவால் செய்ய என்னால் முடியாது, செயலியில் உள்ள எந்தத் தூரிகையாலும் அதே மாதிரி வரவும் இல்லை. முகத்தின் நிறத்துக்கு வாப்பாவைக் கூப்பிட்டேன். தயங்கித்தான் வந்தார். நாடிக்குக் கீழே நான் கறுப்புப் பூசியிருந்ததைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. “நிழலுக்குக் கறுப்பு வெக்காத. அழுக்கு மாதிரி ஆகிரும். நீலம் வெய்யி.” நீலமா என்றேன். சினிமாப் படங்களில் கன்னத்துக்கு ரோசும், நெற்றிக்கு மஞ்சளும், நாடிக்கு நீலமும் பச்சையும் வைப்பார்களாம். வீதியின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் அது தோலாகத் தெரியுமாம். நீலம் வைத்தேன். திரையிலிருந்து ஆறடி தள்ளி நின்று இருவரும் பார்த்தோம். முகம் உருண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் டீச்சர் முகலாய ஓவியங்கள் பற்றி வகுப்பெடுத்தார். அக்பரின் ஓவியக்கூடத்தில் ஹம்ஸாநாமாவுக்காகச் சுமார் 1,400 ஓவியங்களைத் துணியில் செய்தார்கள். ஏறக்குறைய பதினைந்து வருடங்கள் பிடித்தது. அந்தக் கூடத்தில் ஓர் ஓவியத்தைப் பல சமயம் ஒருவர் மட்டும் செய்வதில்லை. ஒருவர் உருவரை போடுவார், இன்னொருவர் நிறம் தீட்டுவார், முகங்களை மட்டும் செய்ய மூன்றாவது ஒருவர் வருவார். யார் எதைச் செய்தார் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தார்கள். வாப்பாவின் மருதானைக் கதையும் இதுவும் எனக்கு ஒன்றாகவே பட்டன. வீட்டில் வந்து சொன்னபோது வாப்பா, “எங்கட உஸ்தாத் யார்ட பேரையும் குறிக்கல்ல” என்று சிரித்தார்.

அச்செடுப்பதில் மறுபடியும் அடி. திரையில் பச்சை கலந்து பளிச்சென்றிருந்த நீலச் சுவர், தாளில் சாம்பலாகி வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. ஒளியில் உள்ள சில நீலங்களும் பச்சைகளும் மையில் இல்லை. நிறத்தை முன்கூட்டியே தணித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை, லேசர் இயந்திரத்தில் எடுத்த அந்தத் தாளின் மேல் நிறப் பென்சில் ஏறவே இல்லை. தூள் உருகி ஒட்டிய மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தது, பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு கடையில் மை விசிறும் இயந்திரம் இருந்தது. என் காட்றிஜ் தாளையே கொடுத்துக் கெஞ்சினேன். இயந்திரத்தில் சிக்கும் என்று சொல்லிச் சொல்லியே கடைக்காரத் தம்பி எடுத்துத் தந்தார். சொரசொரப்பான தாள், பென்சில் பிடித்தது.

கடைசி வேலை அந்தத் தாளின் மேல்தான். இமையின் ஓரங்கள், முக்காட்டு விளிம்பின் வெளிச்சம், கீழுதட்டின் ஈரம், எல்லாம் நிறப் பென்சிலாலும் கொஞ்சம் வெள்ளை வர்ணத்தாலும். கணினியில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்த கை. இமைக்கோடு ஓரிடத்தில் தடித்துவிட்டபோது என் இடது கையின் இரண்டு விரல்கள் தாமாக மேசையில் அழுந்தின, முந்திய நிலைக்குத் திரும்பும் பொத்தானைத் தேடி. மேசையில் பொத்தான் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சிக்கு ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கவில்லை. தடித்த கோட்டை அப்படியே வைத்து, மற்ற இமையையும் அதற்கேற்ப மாற்றினேன்.

இப்போது வசனம் எழுதிக் கேட்டாலே படம் செய்து தரும் செயலிகள் வந்துவிட்டன. நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். வாப்பாவிடம் வெளிறினால் இன்னொன்று அடிக்கலாம் என்றவர்களும் நியாயமாகத்தான் பேசினார்கள் போல. எனக்கு இதற்குப் பெரிய பதில் ஒன்றும் இல்லை. தங்கச்சியின் பதினோராவது டொஃபியில் அந்த இமையைக் கண்டது நான், அதை வேறு யாரும் எனக்குக் கண்டு தந்திருக்க முடியாது என்று மட்டும் தெரியும்.

படம் முடிந்த அன்று உம்மாவின் தையல் மெஷினில் சாய்த்து வைத்தேன். வாப்பா கடையிலிருந்து வந்து, முகம் கழுவாமலே, கிட்டவும் எட்டவும் நாலு தரம் நடந்தார். “தோள் கொஞ்சம் கூடத் தூக்கிட்டு” என்றார். உண்மைதான். “சரி, கெடக்கட்டும். பயந்த பிள்ளை அப்படித்தான் நிக்கும்.” மூத்தம்மா அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்துவிட்டு, “இந்தப் புள்ள என்னத்த தேடுது?” என்று கேட்டார். சப்பாத்து என்றேன். “அல்லாஹ்வே” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். படத்தைக் கட்டிலுக்குக் கீழே உள்ள கோவையில் வைத்தேன்.

இந்த வருடக் கண்காட்சிக்கு இன்ஷா அல்லாஹ் அதைத்தான் கொடுக்கப்போகிறேன். பழையதை டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி வாங்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

போன வாரம் வள்ளக்காரர் ஒருவர் வாப்பாவைத் தேடி வந்தார். புது வள்ளத்துக்குப் பெயர் எழுத வேண்டுமாம், ஒட்டுகிற அச்சு உப்புத் தண்ணீரில் உரிந்துபோகிறதாம். இரவு வாப்பா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “அதுல எழுத்தும் கீறிப் பார்க்கலாமா? வள்ளத்தில எழுத முந்தி அளவு பார்க்கத்தான்” என்றார். வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து பேனாவைக் கையில் கொடுத்தேன். முப்பது வருடம் எழுதிய கை, முதல் கோடு தாளுக்கு வெளியே போய்விட்டது. அழித்தேன். இரண்டாவதும் போனது. கறுப்புத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நாலு ஓரத்தையும் விரலால் தடவினார்.

“இதுல கோல ஊன்ற இடம் இல்லையா, மகள்?” என்று கேட்டார்.

நான் எழும்பிப் போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன்.